நோய் வருமுன் விதி எழுதுவோம்

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் புறப்பட்டவனைக் கண்டு ஊர் நகைக்கும். ஆனால், நாடாள்வோர் அதே காரியத்தைச் செய்யும்போது அதற்கு "அவசரகால நடவடிக்கை" என்று பெயர் சூட்டி நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்று இத்தீவில் பரவத் தொடங்கியபோது நடந்தது இதுதான். தொற்று தணிந்தது, அடைத்த கடைகள் திறந்தன, பாடசாலை மணி மீண்டும் ஒலித்தது. ஆனால், அடுத்த கொள்ளைநோய் வந்தால் மலையகத்து லயங்களில் வாழும் மக்களை எந்த விதி காக்கும் என்ற வினாவுக்கு அன்று விடை இருக்கவில்லை. அதன் பின்னரும் எவரும் அதைத் தேடியதாகத் தெரியவில்லை.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் உள்ளூராட்சி மன்றங்களுக்குப் புதிய உறுப்பினர்கள் தெரிவாகினர். நுவரெலியா மாநகர சபையிலும், அட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை நகர சபைகளிலும், மாவட்டத்தின் பிரதேச சபைகளிலும் எம்மவர் பலர் அமர்ந்துள்ளனர். அவர்களிடம் நாம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறோம். தொற்றுக் காலத்துக்குரிய துணைவிதிகளை, தொற்று இல்லாத நாட்களிலேயே, லயத்தைக் கண்முன் நிறுத்தி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி நிறைவேற்றி வைக்க வேண்டும் என்பதே அது. இதனை ஏன் கேட்கிறோம் என்பதை விளக்குவது எமது கடமை.

அன்று நடந்தது என்ன?

2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு வந்தது. புதிய பாராளுமன்றம் கூடியது ஆகஸ்ட் 20ஆம் திகதி. இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்கு மேலாக, மக்களின் நடமாட்டம், தொழில், வழிபாடு, ஈமக்கடன் அனைத்தையும் கட்டுப்படுத்திய ஆணைகளை ஆராயச் சட்டமன்றம் என்ற ஒன்று இருக்கவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையும் அப்போது பிரகடனம் செய்யப்படவில்லை. கையில் இருந்ததெல்லாம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒன்றே. "பொலிஸ் ஊரடங்கு" என்ற சொல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. அந்தச் சொல் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று சட்ட அறிஞர் பலர் வினவினர். அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த இடமளிக்கிறது, ஆனால், சட்டத்தினால் கட்டுப்படுத்தவே இடமளிக்கிறது, அறிவித்தலினால் அன்று. சில வாரங்களுக்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரடங்கை மீறியதாகக் கைது செய்யப்பட்டனர்.

நோயைத் தடுக்க ஊரடங்கே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உயிர் காக்கும் கட்டுப்பாட்டை ஏற்பது குடிமக்களின் கடமை. ஆனால், கட்டுப்பாடு நீண்டு செல்லச் செல்ல, அதைத் தாங்கும் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். பின்னர், 2021 ஆகஸ்ட் மாதத்தில், கொரோனாவுக்கெனத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் ஒன்று நிறைவேறியது. அது பெரிதும் கவனித்தது சட்டத் தவணைகளையும் நீதிமன்ற அலுவல்களையும். வழக்கின் தவணை தப்பியது. லயத்தில் நோயுற்றவன் எங்கே படுப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

லயத்தில் அந்த விதி என்னவாயிற்று?

நாடெங்கும் "வீட்டிலேயே இருங்கள்" என்று ஆணை பிறந்தபோது, பெருந்தோட்ட வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதி நின்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி இல்லை. ஆதலால் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. நகரத்து எழுதுவினைஞர் வீட்டில் அடைந்திருந்த காலை வேளையில், அக்கரபத்தனையிலும் மஸ்கெலியாவிலும் எம் சகோதரிகள் பிரட்டுக் களத்தில் பேர் பதிந்து மலை ஏறினர். நாட்டுக்கு அவர்கள் அத்தியாவசியமானவர்கள் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆயின், அத்தியாவசியமானவர்களுக்கு உரிய காப்பு எங்கே?

2020 அக்டோபர் 15ஆம் திகதி வெளியான வர்த்தமானி, முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கியது. நகரத்துக் கடைக்கும் காரியாலயத்துக்கும் அது பொருந்தும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் உறங்கும் இடத்தில், ஒரு மீற்றரை எங்கே அளப்பது? நோயுற்றவர் "தனி அறையில்" இருக்க வேண்டும் என்றார்கள், அறையே ஒன்றுதான். "அடிக்கடி கை கழுவுக" என்றார்கள். பல குடும்பங்களுக்கு ஒரே பீலி. "தனிக் கழிப்பறை பாவிக்குக" என்றார்கள். அதை எழுதியவர் லயத்துக் கழிப்பறையைக் கண்டதில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், தொற்றுக் காலத்தில் பிரட்டுக் களத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அது சிங்களத்தில் மட்டும் இருந்தது. கிளினிக் மருந்து தீர்ந்துபோன முதியவர் ஒருவர் மறுநாள் நகரத்துக்குப் புறப்பட்டார். பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டார். தாம் மீறிய விதி எது என்பதை எவரும் அவருடைய மொழியில் அவருக்குச் சொல்லவில்லை. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஏட்டில் இருந்த தமிழ் சுவருக்கு வரவில்லை. விளங்காத விதியை மீறியவனைக் குற்றவாளி என்பதா? விளங்கும்படி எழுதாதவனை என்னென்பது?

இனி, கூலிக் கணக்கைப் பாருங்கள். 2020இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. பதினான்கு நாள் தனிமைப்பட்டால், ஞாயிறு நீங்கலாகப் பன்னிரண்டு நாள் பேர் இல்லை. இழப்பு 8,400 ரூபா. ஐயாயிரம் ரூபா உதவியும் உலர் உணவுப் பொதிகளும் வழங்கப்பட்டதை நாம் மறுக்கவில்லை. கிடைத்தவர்கள் நன்றி சொன்னார்கள். ஆனால், அவை சுற்றுநிருபத்தின் அருளாக வந்தன. சட்டத்தின் உரிமையாக வரவில்லை. அருளுக்குப் பட்டியல் உண்டு. பட்டியலில் பெயர் விடுபட்டவனுக்கு வழக்கு இல்லை. காய்ச்சலைச் சொன்னால் கூலி போகும் என்று அஞ்சுகிறவன் காய்ச்சலை மறைப்பான். அது அவன் குற்றமன்று. கூலியை மறந்து எழுதிய விதியின் குற்றம்.

இக்குறை எங்கிருந்து வந்தது?

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. அதனால் அஞ்சிய பிரித்தானிய அரசு மறு ஆண்டே இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம் அதிகாரிகளுக்கு எல்லையற்ற அதிகாரத்தை அளித்தது. இலங்கையின் கட்டளைச் சட்டமும் அதே 1897இல் பிறந்தது. கப்பலையும் துறைமுகத்தையும் கண்ணில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. குடிமகனுக்கு என்ன உரிமை என்பதைவிட, நோய் எந்த வழியாக உள்ளே வரும் என்பதே அதன் கவலை.

அந்தக் கண்ணுக்கு எம் முன்னோர் யாராகத் தெரிந்தனர்? நோயைச் சுமந்து வரும் கூட்டமாகத் தெரிந்தனர். மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, அதன் பின்னரே தலைமன்னாருக்கு ஏற்றினர். தோட்டத்தில் சேர்ந்தபின் அவர்களின் வைத்தியத்துக்கென 1872இலும் 1912இலும் தனிச் சட்டங்கள் எழுந்தன. நோயாளிக்கு மருந்து கிடைத்தது நன்மையே. ஆனால், அச்சட்டங்களின் கண்ணில் தொழிலாளி தோட்டத்துக்கு உரியவன். ஊருக்கு உரியவன் அல்லன்.

சுதந்திரம் வந்தும் இப்பார்வை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. பல பத்தாண்டுப் போராட்டத்தின் பின் பிரஜாவுரிமை மீண்டது. எனினும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. எங்கள் வாக்கால் தெரிவான சபை, எங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டவும் தயங்கியது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தின் பெரும் பிரதேச சபைகள் இரண்டும் பிரிக்கப்பட்டு, அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்பனவும் தனிச் சபைகளாயின. கதவு திறந்து இரண்டு ஆண்டுகளில் கொரோனா வந்தது. திறந்த கதவுக்குள் நுழைந்து விதி எழுத நாம் பழகியிருக்கவில்லை.

ஒரு நகரத்தின் பாடம்

அவசர விதி அநீதியாக மாறுவது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கொள்ளைநோய் தோன்றியது. நகர ஆட்சியினர் விரைந்து ஒரு விதியை இயற்றிச் சீனர் வாழும் பன்னிரண்டு வீதித்தொகுதிகளை அடைத்தனர். அடைத்த எல்லைக்கோடு வளைந்து நெளிந்து சென்றது. வெள்ளையரின் கட்டடம் வந்த இடத்திலெல்லாம் விலகிச் சென்றது. ஜூ ஹோ என்ற சீன மளிகைக்காரர் நீதிமன்றம் சென்றார். நீதிபதி மொரோ கூறிய தீர்ப்பு சட்டம் பயில்வோர் அறிந்தது. நோய்த்தடுப்பு அதிகாரம் நகரத்துக்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், ஓரினத்தை மட்டும் அடைப்பது சமநீதிக்கு மாறு என்றார். அதனினும் முக்கியமாக, நோயுள்ள வீட்டைத் தனிப்படுத்தாமல் ஒரு பகுதி முழுவதையும் ஒன்றாக அடைத்தால், உள்ளிருப்போரிடையே நோய் பரவும் அபாயம் கூடும் என்றார். மொத்த அடைப்பு நீங்கியது. நோயுள்ள இடங்களை மட்டும் தனிப்படுத்தும் உரிமை சுகாதாரச் சபைக்கு நிலைத்தது.

ஒரு லயத்தில் ஒருவருக்கு நோய் கண்டால் அந்த வரிசை முழுவதையும் கயிறு கட்டி அடைக்கும் வழக்கத்துக்கு, நூறாண்டுக்கு முன் சொல்லப்பட்ட மறுமொழி அல்லவா இது?

எம் அண்டையிலும் நல்ல முன்மாதிரி உண்டு. சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் ஆகியவற்றில் உள்ளூர் மன்றம் செய்ய வேண்டியதை அமைதிக் காலத்திலேயே வரிசைப்படுத்தி வைத்தது. நோய்க்குப் பின்னால் ஓடும் சட்டத்துக்கும், நோய்க்கு முன்னால் நிற்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சபை என்ன செய்யலாம்?

"எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று சபை உறுப்பினர் சொல்லக்கூடும். அது முழு உண்மையன்று. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை மூன்றுக்கும் பொதுச் சுகாதாரம் பற்றித் துணைவிதி இயற்றும் அதிகாரத்தை அவற்றின் சட்டங்கள் அளித்துள்ளன. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்கூட்டித் தயாரித்த நியமத் துணைவிதிகளை ஒரு தீர்மானத்தின் மூலம் சபை ஏற்றுக்கொள்ளவும் வழியுண்டு. மாகாணத்தின் அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் வேண்டும். அதற்கு மாதங்கள் செல்லும். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின், மாகாண நிர்வாகம் பல ஆண்டுகள் ஆளுநரின் பொறுப்பிலேயே நடந்ததையும் அறிவோம். மாதங்கள் செல்லும் என்பதாலேயே நோயில்லா நாளில் தொடங்க வேண்டும் என்கிறோம்.

அந்தத் துணைவிதியில் எவை இருக்க வேண்டும்? எமது கருத்தில் ஐந்து.

முதலாவது, காலவரையறை. சுகாதார மருத்துவ அதிகாரியின் எழுத்து மூலமான அறிக்கையின் பேரிலேயே கட்டுப்பாடு தொடங்க வேண்டும்; பதினான்கு நாளில் தானாக முடிய வேண்டும்; நீட்டிப்பதாயின் சபை கூடி வாக்களிக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். லய வரிசையை மொத்தமாக அடைக்கக் கூடாது. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் நோயுற்றோரைத் தங்கவைக்கத்தக்க மண்டபம், வெற்றுப் பங்களா, பாடசாலைக் கட்டடம் எது என்பதைத் தோட்ட நிர்வாகத்தோடு முன்னரே பேசிப் பட்டியலிட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, நீர். அடைக்கப்படும் குடும்பங்களுக்கு நீரும் கழிப்பறையும் போதுமானவை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உறுதிப்படுத்த வேண்டும். குறையிருப்பின் பவுசரில் நீர் அனுப்புவது சபையின் கடமையாக வேண்டும்.

நான்காவது, மொழி. இரு மொழிகளிலும் ஒட்டப்பட்டு, பிரட்டுக் களத்திலும் கோயிலிலும் உரக்க வாசிக்கப்படாத ஆணையை மீறியதற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது.

ஐந்தாவது, முறையீடு. கட்டுப்பாடு தவறென்று கருதுபவர் சபையிடம் உடன் முறையிடவும், மறுமொழியை எழுத்தில் பெறவும் வழி வேண்டும். கையில் எழுத்து இருந்தால்தான் நீதிமன்றத்தின் படியேற முடியும்.

கூலியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். துணைவிதியால் கூலிக் கடப்பாட்டை உண்டாக்க முடியாது. அது பாராளுமன்றத்தின் வேலை. செய்ய இயலாததைச் செய்வோம் என்று மக்களுக்கு வாக்களிக்க நாம் விரும்பவில்லை. ஆகவே, மலையகத்துப் பாராளுமன்ற உறுப்பினரிடம் தனியாகக் கேட்கிறோம்: நோய்த்தடுப்பு ஆணையின் பேரில் தனிமைப்பட்ட நாளை வேலை செய்த நாளாகக் கணக்கிடும் பிரிவு ஒன்றை, 1897ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வர வேண்டிய புதிய சட்டத்தில் சேருங்கள். கட்சி வேறுபாடு பாராது இதில் ஒன்றுபடுங்கள்.

மறுப்போருக்கு ஒரு சொல்

"ஆபத்து வேளையில் விவாதம் எதற்கு? நிபுணரும் அதிகாரியும் முடிவு செய்யட்டும்" என்போர் உளர். மருத்துவரின் சொல்லுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால், அவசரத்தில் எழுதிய விதியை மருத்துவமும் மீட்க முடியாத வேளை உண்டு. 2020 ஏப்ரலில் வந்த ஒழுங்குவிதி, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் தகனம் செய்ய வேண்டுமென்றது. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அவ்விதி நீங்கவில்லை. அடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் நெஞ்சு எரிந்தது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த உடலுக்கு மன்னிப்பால் கப்று தோண்ட முடியுமா?

"தோட்டம் கம்பனியின் இடம், அங்கே சபைக்கு என்ன வேலை?" என்போரும் உளர். 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகித்து வருபவை பெரும்பாலும் அரச காணிகள். காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, அங்கே வாழும் மக்களின் உயிரோ எவருக்கும் குத்தகைக்கு விடப்படவில்லை. தோட்ட எல்லைக் கல்லைக் கண்டு நோய் நிற்பதில்லை. விதி மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது. மண்சரிவில் குடியிருப்புகள் புதைந்தன. உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் நெருங்கித் தங்கினர். நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மக்கள் அவ்வாறு நெருங்கித் தங்கும் இடத்தில்தான் வயிற்றோட்டமும் காய்ச்சலும் முதலில் தலைகாட்டும். அடுத்த ஆபத்து எந்த உருவில் வரும் என்பதை எவரும் அறியார். அது லயத்துக்கும் வரும் என்பதை மட்டும் அறிவோம்.

எனவே, மலையகத்தில் தொழில் புரியும் வழக்கறிஞர்களை அழைக்கிறோம்: உங்கள் பேனாவில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் பிரதேச சபைக்குக் கொடுங்கள். மருத்துவர்களை அழைக்கிறோம்: வரைவைப் படித்து, பிழையைத் திருத்துங்கள். ஆசிரியர்களை அழைக்கிறோம்: அதனை எளிய தமிழில் மக்களுக்கு விளக்குங்கள். மரக்கறித் தோட்டம் செய்யும் உழவர்களை அழைக்கிறோம்: சந்தை அடைபட்டபோது உங்கள் கோவாவும் கரட்டும் வயலிலேயே அழுகாதிருக்க என்ன விதி வேண்டுமென்று சபைக்கு வந்து சொல்லுங்கள். தொழிலாளத் தோழர்களை அழைக்கிறோம்: உங்கள் வாக்கைப் பெற்றுச் சென்ற உறுப்பினரிடம், "எங்கள் லயத்துக்கு என்ன விதி எழுதினீர்கள்?" என்று அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.

விதியை எழுத வேண்டிய வேளை, காய்ச்சல் இல்லாத இந்த வேளைதான்.